விளாங்குடியில் விளையாட்டு உவகை: மெய்ப்பாட்டியல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வெல்லை

தொல்காப்பியத்துக்குச் சிறப்புப்பாயிரம் பாடிய பனம்பாரனார் வடக்கே வேங்கடம், தெற்கே குமரி என்று எல்லை வகுத்துக்கொண்டார். அவருக்கு இடமும் காலமும் தாராளமாக இருந்தன. இவ்வாய்வாளனுக்குச் சனி ஞாயிறு மட்டுமே வாய்த்தமையால் தென்கிழக்கே பாத்திமா கல்லூரி, வடமேற்கே பரவை, தெற்கே வைகை, வடக்கே கூடல்நகர் ரயில் நிலையம் என எல்லை சுருக்கப்பட்டது. இப்பகுதி 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. சேர்த்தது மாநகராட்சி; இங்குள்ள பெரியவர்கள் இன்னும் சேரவில்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பும்போது "மதுரைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். எனவே வட்டாரத் தனித்தன்மை கெடவில்லை, ஆய்வு செல்லும்.

ஆய்வுப் பொருள் வீடியோ கேம். டிவிக்குப் பின்னால் ஒயரைச் சொருகிச் சேனலைத் திருகித் திருகிப் படம் பிடித்த காலம் முதல், "அப்டேட் ஏறுது" என்று போனைச் சார்ஜரில் மாட்டிவிட்டு ஆடாமலே படுக்கப் போகும் காலம் வரை கால எல்லை. தரவு திரட்டிய முறை, உட்கார்ந்து பேசுதல். தகவலாளி அ, அக்கா மகன், பி.காம். படிப்பதாக வீட்டில் நம்பப்படுபவன். தகவலாளி ஆ, முன்பு கேம் கடை வைத்திருந்து இப்போது அதே அறையில் ஜெராக்ஸ் எடுக்கும் அண்ணன். தகவலாளி இ, என் அக்கா. ஆய்வு நெறி கருதிப் பெயர்கள் மறைக்கப்பட்டன. தெருவில் எல்லோருக்கும் தெரியும் என்பது வேறு விஷயம்.

முன்னாய்வுகள்

விளாங்குடியில் இல்லை. வெளியூரில் இரண்டு உண்டு. ஹாலந்து நாட்டு யோஹான் ஹூய்சிங்கா 1938இல் 'ஹோமோ லூடென்ஸ்' என்ற நூலை எழுதி, விளையாட்டுக்கும் பொருள் லாபத்துக்கும் தொடர்பில்லை என்றார். பிரான்ஸ் நாட்டு ரோஜே கையுவா 1958இல் விளையாட்டுகளைப் போட்டி, அதிர்ஷ்டம், வேடம், கிறுகிறுப்பு என நான்காகப் பகுத்தார். இருவரும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் படித்ததாகத் தெரியவில்லை. படித்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

கருதுகோள்

உவகை நான்கு களங்களில் பிறக்கும் என்பது தொல்காப்பியர் துணிபு: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. நான்கையும் தனித்தனியே எண்ணியதைக் கவனிக்க வேண்டும். செல்வத்தால் வரும் மகிழ்ச்சி ஒன்று. விளையாட்டால் வரும் மகிழ்ச்சி இன்னொன்று. கடந்த இருபது ஆண்டுகளில் வீடியோ கேம் தொழில் செய்ததெல்லாம் முதற்களத்தைத் தூக்கி நான்காம் களத்தின் மேல் வைத்ததுதான். ஆட்டம் முன்னைவிட அழகாக இருக்கிறது, பெரிதாக இருக்கிறது, சத்தமாகவும் இருக்கிறது. ஆனால் ஆடிவிட்டு எழுந்தால் ஆடினோம் என்ற நிறைவு வருவதில்லை. கடைக்குப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்பிய அலுப்புதான் வருகிறது. இதுவே இவ்வாய்வின் கருதுகோள். வயதாகிவிட்டதால் அப்படித் தோன்றுகிறது என்பது தகவலாளி அ முன்வைத்த மாற்றுக் கருதுகோள். மூப்பு, இளிவரல் பிறக்கும் நான்கு களங்களில் முதலாவது என்பதால் அதையும் தள்ளிவிட முடியவில்லை.

எண்ணான்கு

மெய்ப்பாட்டியலின் முதல் நூற்பாவே விளையாட்டில்தான் தொடங்குகிறது. அதில் தோன்றும் பொருள்கள் முப்பத்திரண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு; ஒவ்வொன்றுக்கும் களங்கள் நந்நான்கு. 1985இல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் உலகங்கள் எட்டு. ஒவ்வோர் உலகத்துக்கும் கட்டங்கள் நந்நான்கு. மொத்தம் முப்பத்திரண்டு.

எட்டையும் நான்கையும் யார் பெருக்கினாலும் முப்பத்திரண்டுதானே எனின், அற்றன்று. முப்பத்திரண்டையும் முடித்து இளவரசியை மீட்டால் ஆட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இந்த முறை, மிதித்தால் நசுங்கும் காளான் பயல்களுக்குப் பதிலாக ஓடு போர்த்திய வண்டுகள் வரும். ஆக இரண்டாம் சுற்றையும் சேர்த்தால் அறுபத்து நான்கு. மதுரையில் சோமசுந்தரக் கடவுள் நிகழ்த்திய திருவிளையாடல்கள் எத்தனை என்று பரஞ்சோதி முனிவரைக் கேட்டால் தெரியும். நிண்டெண்டோ நிறுவனம் 1996இல் தன் புதிய பெட்டிக்கு 'நிண்டெண்டோ 64' என்று பெயரிட்டதைத் தொழில்நுட்பக் காரணம் காட்டி ஒதுக்குவாரும் உளர். அவர்கள் மதுரைக்கு வந்ததில்லை.

கான்ட்ராவிலும் கட்டங்கள் எட்டே. அதற்குமேல் நாம் வற்புறுத்தவில்லை.

களத் தரவு

நூற்பா நிற்குமா விழுமா என்பது களத்தில்தான் தெரியும். தகவலாளி ஆ நடத்திய கடை, திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றை அறை. கதவுக்குப் பதில் திரைச்சீலை. உள்ளே இரண்டு டிவி, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஆணியில் தொங்கும் நோட்டு. நோட்டில் பேர், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம். ஜாய்ஸ்டிக்கின் இடது குமிழில் ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தெரியும். நல்ல ஜாய்ஸ்டிக் யாருக்கு என்பதற்கே முதல் பத்து நிமிடம் சண்டை நடக்கும். அந்தப் பத்து நிமிடமும் நோட்டில் ஏறிவிடும்.

நகை பிறக்கும் நான்கில் ஒன்று பேதைமை. இன்றைய போன் ஆட்டங்களில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு எதிராளிகளாகப் பெரும்பாலும் கம்ப்யூட்டர் பொம்மைகளையே இறக்கிவிடுகிறார்கள். பையன்கள் அதை 'பாட்' என்பார்கள். பொம்மை சுவரைப் பார்த்துச் சுடும். இவன் பின்னாலிருந்து சுட்டுவிட்டு "பன்னெண்டு கில்லு மாமா" என்று ஓடி வருவான். தூண்டிலில் புழு மாட்டும் இக்கலையைத் தொழிலறிஞர்கள் வேறு மரியாதையான பெயரில் அழைக்கிறார்கள்.

அச்சம் பிறக்கும் களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. ரெசிடென்ட் ஈவில் ஆடியவர்களுக்கு அணங்கை விளக்க வேண்டியதில்லை. கள்வர் என்பவர், "உனக்கு ஃப்ரீயா டைமண்ட் ஏத்தித் தர்றேன், ஐடி பாஸ்வேர்டு அனுப்பு" என்று மெசேஜ் போடுபவர். நான்காவதான இறைதான் ஆராயத்தக்கது. வீட்டளவில் அது வேலை முடிந்து பைக்கில் வரும் அப்பா. சைடு ஸ்டாண்டு போடும் சத்தத்தில் போன் தலையணைக்கு அடியில் போய்விடும். நாட்டளவில் அது மத்திய அரசு. 2020 செப்டம்பர் 2 அன்று 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜி மொபைலும் அதில் போயிற்று. அதன் இந்திய அவதாரமான பிஜிஎம்ஐ 2021 ஜூலையில் வந்தது. 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து மறைந்தது. 2023 மே மாதம் திரும்பியது. இடையில் 2022 பிப்ரவரியில் 54 செயலிகளோடு ஃப்ரீ ஃபயர் போனது. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. தகவலாளி அ கூறுவது: "மாமா, எக்ஸாம் டேட்டு கூட இம்புட்டு மாறாது." தொல்காப்பியர் இறையை விலங்குக்கும் கள்வருக்கும் பக்கத்தில் வைத்ததன் நுட்பம் இப்போது விளங்கும்.

பெருமிதத்தின் நான்கில் கொடையும் ஒன்று என்பதை ஆட்டக்காரர்கள் நூல் படிக்காமலே கண்டுகொண்டிருக்கிறார்கள். ஸ்குவாடில் நால்வர், ஒருவன் அடிபட்டு முட்டி போட்டு ஊர்ந்துகொண்டிருக்கிறான், தன்னிடமிருக்கும் கடைசி முதலுதவிப் பையை அவன் முன்னால் போட்டுவிட்டுத் தான் போய்ச் சாகிறான் ஒருவன். அவனைப் பற்றி மறுநாள் டீக்கடையில் பேசப்படுகிறது. அதிகம் சுட்டவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இவ்வாய்வில் எந்தக் கேலியும் இல்லாமல் எழுத முடிந்த இடம் இது ஒன்றே.

இனி அழுகை. அதன் களங்களில் இழவு என்பது இவ்வூரில் தனி ஆய்வேடாகவே விரியும். 2012ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. சென்னை நீங்கலாக மற்ற மாவட்டங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இருக்காது. அந்நாளில் எங்கள் பகுதிக் கம்ப்யூட்டர்களில் கோலோச்சியது ஜிடிஏ வைஸ் சிட்டி. 2002இல் வந்த ஆட்டம். ஊருக்குள் நுழைந்தபின் பத்தாண்டு அசையவில்லை. அதில் நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது. மிஷனை முடித்து, போலீஸைக் கழற்றிவிட்டு, வண்டியோட்டி வீட்டுக்கு வந்து, வாசலில் சுழலும் கேசட்டைத் தொட வேண்டும். வீட்டு வாசலுக்கு வண்டி திரும்பும் நேரம் பார்த்துக் கரண்டு போகும். தெருவே ஒரே குரலில் "ஐயோ" என்னும். எந்த வீட்டில் யார் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதை அந்தக் குரலிலிருந்தே கண்டுபிடிக்கலாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இழவில் மின்வாரியம் தவிர வேறு யாருக்கும் பங்கில்லை. "ஐம்பது ரூபாய் கட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்" என்று இருட்டில் யாரும் வந்து நிற்கவில்லை.

செல்வம் நான்காம் களத்துக்கு வந்த வரலாறு

தொடக்கம் ஒரு குதிரை. 2006 ஏப்ரலில் 'எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆப்லிவியன்' என்ற ஆட்டத்தில் குதிரைக்குப் போட்டுக்கொள்ளும் கவசம் தனியே விற்பனைக்கு வந்தது. விலை இரண்டரை டாலர், அன்றைய மதிப்பில் நூறு ரூபாய்க்குச் சற்று மேல். முழு ஆட்டத்தையும் காசு கொடுத்து வாங்கியவனிடம் குதிரைக்குச் சட்டை வாங்கச் சொல்கிறார்களே என்று உலகம் சிரித்தது. சிரித்த உலகமே வாங்கவும் செய்தது. தொழில் அந்த இரண்டாவது செய்தியை மட்டும் குறித்துக்கொண்டது.

குதிரையும் அலங்காரமும் என்றவுடன் மதுரைக்காரனுக்கு வேறொன்று தோன்றாமல் இராது. சித்திரைத் திருவிழாவில் தங்கக் குதிரையில் வரும் கள்ளழகர் என்ன நிறப் பட்டுடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்பதற்காக ஊரே கரையில் நிற்கிறது. பல நிறப் பட்டுகள் உள்ள பெட்டிக்குள் பட்டர் கைவிட்டு எடுப்பது எதுவோ அது. பச்சை வந்தால் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. பெட்டியைத் திற, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது, வருவதை ஏற்றுக்கொள் என்ற இம்முறை மேலைநாட்டு நிறுவனங்களுக்கு நெடுங்காலம் முன்பே வைகைக் கரையில் உண்டு என்பதை நிறுவுவதில் இவ்வாய்வாளனுக்குப் பெருமையே. வேறுபாடு ஒன்றுதான்: அங்கே, "பிடிக்கலையா? இன்னும் 60 கட்டினால் மறுபடி எடுக்கலாம்" என்று கிடையாது.

அந்த 'மறுபடி'தான் தொழிலின் பொன்முட்டை. 2017 நவம்பரில் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2' வெளிவந்த சமயம், டார்த் வேடராக ஆடும் உரிமையைப் பெற நாற்பது மணி நேரம் உழைக்க வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். உழைக்க மனமில்லாதவர்கள் பெட்டி வாங்கித் திறந்து பார்க்கலாம். கூச்சல் கிளம்பியதும் நிறுவனம் பாத்திரங்களின் விலையை 75 விழுக்காடு குறைத்தது. மறு ஆண்டு பெல்ஜியம் அரசு இப்பெட்டிகள் சூதாட்டமே என்று தீர்ப்புச் சொன்னது. பெட்டிகள் அதன்பின் கொஞ்சம் கண்ணியமாக உடுத்திக்கொண்டு 'பாஸ்' என்ற பெயரில் வருகின்றன. பிஜிஎம்ஐ முதலில் வந்தபோது பதினெட்டு வயதுக்குட்பட்டோர் ஒரு நாளில் 7000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது என்று பாதுகாப்பு வரம்பு வைத்தார்கள். இதைத் தகவலாளி இ-யிடம் படித்துக் காட்டினேன். "மாசத்துக்கா?" என்றாள். நாளுக்கு என்றேன். அதற்குமேல் அவளிடமிருந்து தரவு கிடைக்கவில்லை. மகனின் போனைத் தேடிப் போய்விட்டாள்.

அந்தப் போனைக் கைப்பற்றிப் பார்த்ததில் கிட்டிய நேர்க்காட்சி. ஆட்டத்தைத் திறந்தால் ஆட்டம் வருவதில்லை. முதலில் ஒரு சலுகை. அதை மூட வலது மூலையில் கடுகளவு பெருக்கல் குறி. மூடினால் இன்னொன்று: இன்று மட்டும் பாதி விலை. அதையும் மூடினால் துப்பாக்கிக்குப் புதிய உடுப்பு. பந்தியில் இலை போடும் முன்னே மொய் நோட்டை நீட்டுவது போல. எல்லாம் மூடி உள்ளே போனாலும் ஒவ்வொரு மூலையிலும் சிவப்புப் புள்ளி. தொட்டால்தான் போகும். தொட்டால் கடை. தகவலாளி அ கண்ணைத் திறக்காமலே கட்டைவிரலால் மூன்று பெருக்கல் குறியையும் வரிசையாக அடித்துக் காட்டினான். ஒரு தலைமுறைக்கு வாய்த்த இத்திறமை சுடுவதில் பயன்பட்டிருந்தால் ஒலிம்பிக் பதக்கமே கிடைத்திருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கச் சான்று ஒன்று தர வேண்டும். கொனாமி நிறுவனத்தில் கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவர் 1986இல் 'கிரேடியஸ்' ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்க ஆடினால் அவராலேயே முடிக்க முடியவில்லை. எனவே மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அமுக்கினால் எல்லா ஆயுதமும் கிடைக்கும்படி தனக்காக ஒரு கள்ளவழி வைத்தார். அது வெளிவந்த ஆட்டத்திலும் நின்றுவிட்டது. அதே வரிசைதான் கான்ட்ராவில் முப்பது உயிர் தரும். செய்தவனே தோற்றதால் பிறந்த வரம் அது. விளாங்குடிக்கு அது எப்படி வந்து சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது; நோட்டின் கடைசிப் பக்கத்தில், வைஸ் சிட்டிக்கு டாங்கி வரவழைக்கும் 'பான்சர்' என்ற சொல்லுக்கு மேலே, எல்லாப் பையன்களிடமும் இருந்தது. முப்பது உயிரும் இலவசம். இன்று ஓர் உயிருக்கே அட்டை விற்கிறார்கள்.

தடையும் விடையும்

தகவலாளி அ, மேற்கண்ட பகுதியை வாசித்துவிட்டு எழுப்பிய தடை வருமாறு: "மாமா, உங்க கேசட்டுல என்ன எழுதியிருந்துச்சு? 9999 இன் 1. உள்ள எத்தனை இருந்துச்சு?"

உண்மை. நிண்டெண்டோவின் 1983ஆம் ஆண்டுப் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்களுக்கான அக்கேசட்டுகளில் சில ஆட்டங்களே இருக்கும். அவற்றையே தொடங்கும் கட்டத்தை மாற்றி, பெயரை மாற்றி, பக்கம் பக்கமாக அடுக்கியிருப்பார்கள். எண்ணிக்கையைப் பார்த்து அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கினோம். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதிச் சொருகினோம். ஊதினால் எச்சில் ஈரத்தில் உலோகக் கால் அரிக்கும் என்று நிண்டெண்டோ சொன்னது பின்னாளில்தான் காதுக்கு வந்தது.

அவன் அதோடு நிற்கவில்லை. "நான் ஒரு பைசா குடுக்கல. ஸ்கின் வாங்குறவன் எனக்கும் சேத்துக் கட்டுறான். பெட்டி வாங்கக் காசில்லாத பசங்க எல்லாம் இப்ப ஆடுறான்ல? உங்க காலத்துல அவன் ஜன்னல் வழியாத்தான பாத்தான்?"

இத்தடை வலியது. உரையாசிரியர்கள் இத்தகைய இடங்களில் "அதுவும் ஒக்கும்" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். நகர்வதற்கு முன் ஒன்று. அவன் காசு கொடுக்கவில்லை என்பது சரி. கொடுக்காதவன், கொடுக்கிறவனுக்கு முன்னால் நடமாடும் கூட்டம். பட்டுச்சட்டை போட்டவனைப் பார்க்க ஆள் வேண்டாமா? அந்த வேலைக்குக் கூலி, இலவச ஆட்டம். "அப்ப நான் வேலைதான் பாக்குறேன், அம்மாட்ட சொல்லுங்க" என்றான். சொல்லவில்லை.

பணத்தையும் ஆட்டத்தையும் பிரிக்கும் முயற்சி அரசுத் தரப்பிலும் நடந்திருக்கிறது. ஒத்தக்கடை வழியிலுள்ள மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2020இலேயே ஆன்லைன் பண விளையாட்டு விளம்பரங்களில் தோன்றிய கிரிக்கெட் வீரர்களுக்கும் நடிகர்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. தமிழ்நாடு 2022இல் தனிச்சட்டம் இயற்றியது. மறு ஆண்டு உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்யாமல், ரம்மியையும் போக்கரையும் மட்டும் விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரே போடாகப் பண விளையாட்டைத் தடுத்து, இ-ஸ்போர்ட்ஸையும் பொழுதுபோக்கு ஆட்டங்களையும் தனியே பிரித்தது. செல்வம் வேறு, விளையாட்டு வேறு என்ற மெய்ப்பாட்டியல் பகுப்பு மத்திய அரசிதழில் ஏற இத்தனை காலமாயிற்று. எனினும் துப்பாக்கிக்குச் சட்டை தைக்கும் தொழில் தடையின்றி நடக்கிறது. பணம் போட்டுப் பணம் எடுத்தால்தானே சூது? பணம் போட்டு ஒன்றும் எடுக்காவிட்டால் அதற்குப் பெயர் வணிகம்.

முடிதல்

இழப்புகளில் பெரியது காசல்ல; முடிவு. மாரியோ முடியும். கான்ட்ரா முடியும், தேர்ந்தவர்கள் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுவார்கள். முடித்த பையன் எழுந்து வெளியே போவான், போகும்போது நெஞ்சு ஓரங்குலம் நிமிர்ந்திருக்கும். இன்றைய ஆட்டத்தில் சீசன் முடியும், ஆட்டம் முடியாது. ராத்திரி கண்விழித்து ஏறிய ரேங்க், புதுச் சீசன் பிறந்ததும் கீழே இறங்கி நிற்கும்.

ஆட்டக்காரனால் முடிக்க முடியாத ஆட்டத்தை நிறுவனம் நினைத்தால் முடித்துவிடுகிறது என்பதுதான் இதில் வேடிக்கை. சோனியின் 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது; செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூடத் தாங்கவில்லை. யூபிசாஃப்ட்டின் 'தி க்ரூ' என்ற கார் ஆட்டத்தின் சர்வர் 2024 மார்ச்சோடு அணைக்கப்பட்டதும் காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் வெறும் வட்டு மிஞ்சியது. அதிலிருந்து கிளம்பிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. எங்கள் பரணில் கிடக்கும் கேசட்டைச் சர்வர் எதுவும் அணைக்க முடியாது. ஊதிச் சொருகினால் போதும். கீழடியில் எடுத்த பகடையும் சுடுமண் சில்லும் அப்படியே. இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்துவிட்டு, இன்று கையில் எடுத்தாலும் உருளும்.

ஜிடிஏ பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள் என்பதால்: ஐந்தாம் பாகம் 2013, ஆறாம் பாகம் 2025 என்று சொல்லி, 2026 மே என்று தள்ளி, பின் 2026 நவம்பர் 19 என்று தள்ளினார்கள். இது மருட்கையின் பாற்படும். கடந்து செல்க.

முடியும் ஆட்டம் இன்னும் செத்துவிடவில்லை என்பதற்குச் சான்று, எதிர்பாராத திசையிலிருந்து, தமிழிலேயே வந்தது. டொரொன்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா', 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, சமைப்பதுதான் ஆட்டம். அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு விட்ட வரியை நாமே ஊகிக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பெட்டி கிடையாது, பாஸ் கிடையாது, கரண்டிக்குப் பட்டுச்சட்டை கிடையாது. 2024இல் பாஃப்டாவின் முதல் படைப்புக்கான விருதை அது பெற்றது.

தகவலாளி அ இதன் முதல் கட்டத்திலேயே திணறினான். இட்லித் தட்டுகளை அடுக்க வேண்டும்; ஒன்றின் மேல் ஒன்றாக நேராக வைத்தால் வேகாது. துவரம் பருப்பு களைந்துகொண்டே எட்டிப் பார்த்த தகவலாளி இ, "குழிக்கு மேல குழி வந்தா ஆவி எப்படிடா போகும்? திருப்பி வை" என்றாள். வைத்தான். வெந்தது. அக்கா வாழ்வில் ஜெயித்த முதல் வீடியோ கேம் அது. களைந்த பருப்பைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்தது என்ன?" என்று உட்கார்ந்தாள். அன்று சாம்பார் தாமதம். முகத்தில் தெரிந்தது உவகையே. நான்கு களங்களில் எது என்று கேட்டால், அப்போது அவளிடம் செல்வம் எதுவும் கைமாறவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

மேலாய்வுக்கு

ஒன்று மட்டும் இக்கருதுகோளுக்குள் அடங்காமல் நிற்கிறது. தகவலாளி ஆ-வின் கடையில் காசில்லாத பையன்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். "லெஃப்ட்ல வர்றான்டா, லெஃப்ட்ல!" என்று ஆடுபவனைவிட அதிகம் வியர்ப்பார்கள். அண்ணன் அவ்வப்போது எழுந்து, "ஆடுறவன் மட்டும் உள்ள இரு, மத்தவன் காத்த விடு" என்று திரைச்சீலைக்கு வெளியே தள்ளுவார். இன்று அந்தக் கூட்டம் முழுவதும் யூடியூபுக்குப் போய்விட்டது. எவனோ ஆடுகிறான், எவனோ ஜெயிக்கிறான், தகவலாளி அ தட்டில் சோறு காய்ந்துகொண்டிருக்கப் போனைப் பார்த்துக் கத்துகிறான்.

"ஆடுறதும் நீ இல்ல, ஜெயிக்கிறதும் நீ இல்ல, அப்புறம் எதுக்குடா கத்துற?" என்று அக்கா கேட்டாள்.

நான் ஆய்வாளன் என்ற முறையில் குறுக்கிட்டு, ஆடுபவன் பெற்ற அனுபவம் பார்ப்பவனுக்குப் போய்ச் சேர்வதுதான் மெய்ப்பாடு என்று செயிற்றியனார் சொல்லியிருக்கிறார், உரையாசிரியர் இளம்பூரணரே எடுத்துக் காட்டியிருக்கிறார் என்று விளக்கினேன்.

"அப்ப இந்த மாச ரீசார்ஜ் காசை அந்தச் செயிற்றியனாரையே கட்டச் சொல்லு" என்றாள்.